தட்டானும் தண்ணீரும்

செந்தூலில் மாலை மழை ஓய்ந்ததும் திடல்களின் மேலும் ஆற்றங்கரைப் புல்லின் மேலும் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைக் காணலாம். சிறுவர்கள் அவற்றைத் துரத்துவர். பெரியவர்கள், தட்டான் தாழப் பறந்தால் மீண்டும் மழை வரும் என்பர். ஆனால், அந்தத் தட்டான் தன் இளமைக் காலத்தை எங்கே கழித்தது என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு. காற்றில் பறக்கும் இப்பூச்சி உண்மையில் தண்ணீரின் பிள்ளை. சிறகு முளைக்கும் வரை அது குளத்திலோ ஓடையிலோ மூழ்கியே வாழ்கிறது.

தட்டானைப் போலவே தண்ணீரில் வளர்ந்து காற்றில் பறக்கும் இன்னொரு பூச்சியும் நகரத்தில் உண்டு. அதுதான் கொசு. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 130,101 பேர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 182 பேர் உயிரிழந்தனர். ஆகவே, தேங்கி நிற்கும் நீர் என்றாலே அச்சம் எழுவது இயல்பு. எனினும், எல்லா நீரும் ஒன்றல்ல. கொசுவை வளர்க்கும் நீர் வேறு. கொசுவைத் தின்னும் தட்டானை வளர்க்கும் நீர் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தட்டானின் வாழ்க்கையை அறிவது துணைபுரியும்.

பெயரும் இனமும்

தட்டானைத் தட்டாம்பூச்சி என்றும் தும்பி என்றும் தமிழர் அழைக்கின்றனர். சங்க இலக்கியத்தில் தும்பி என்ற சொல் வண்டினத்தைக் குறித்தது. இன்று பலரும் அச்சொல்லைத் தட்டானுக்கே வழங்குகின்றனர். மலாய் மொழியில் இதன் பெயர் பெப்பாத்துங்.

அறிவியலாளர் தட்டான்களை ஓடோனேட்டா என்னும் வரிசையில் சேர்த்துள்ளனர். பல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இப்பூச்சிகளின் வலுவான தாடைகளே இப்பெயருக்குக் காரணம். உலகில் 6,000க்கும் மேற்பட்ட ஓடோனேட்டா இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றை இரண்டு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். ஒன்று தட்டான், மற்றொன்று ஊசித்தட்டான். தட்டான் தடித்த உடலைக் கொண்டது. ஓய்வெடுக்கும்போதும் சிறகுகளை இருபுறமும் விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டானின் உடல் ஊசிபோல் மெலிந்தது. அது அமரும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின் மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். தட்டானின் கண்கள் தலையின் உச்சியில் நெருங்கியோ ஒட்டியோ இருக்கும். ஊசித்தட்டானின் கண்களோ தலையின் இரு முனைகளிலும் விலகி நிற்கும்.

இவ்வினத்தின் பழைமை வியப்பூட்டுவது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டைனசோர்கள் தோன்றுவதற்கும் முன்னர், இவற்றின் உறவினங்கள் பூமியில் பறந்தன. பிரான்சு நாட்டின் நிலக்கரிப் படிவங்களில் கண்டெடுக்கப்பட்ட மெகாநியூரா என்னும் பூச்சியின் சிறகுகளை விரித்து அளந்தால் ஏறக்குறைய 65 செண்டிமீட்டர் இருக்கும். ஒரு பருந்துக் குஞ்சின் அளவில் பறந்த அப்பூச்சி அழிந்துவிட்டது. அதன் உறவுகளான சிறிய தட்டான்கள் இன்றும் வாழ்கின்றன.

நீருக்கடியில் ஒரு வேட்டைக்காரன்

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என நான்கு நிலைகள் உண்டு. தட்டானின் வாழ்க்கையில் மூன்று நிலைகளே உள்ளன: முட்டை, இளம்பூச்சி, முதிர்ந்த பூச்சி. கூட்டுப்புழு நிலை இதற்கு இல்லை. ஆகவே, இதனை முழுமையற்ற உருமாற்றம் என்பர்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சிக்குப் பறக்கும் சிறகு இல்லை. பளபளக்கும் நிறமும் இல்லை. அதன் உடல் சேற்றின் நிறத்திலோ பாசியின் நிறத்திலோ இருக்கும். குளத்தின் அடியில் படிந்த இலைகளுக்கிடையே அசையாமல் கிடந்தால் அதைக் கண்டுபிடிப்பது அரிது. அந்த மறைவே அதன் வேட்டைக்கு முதல் துணை.

இரண்டாவது துணை அதன் கீழுதடு. மற்றப் பூச்சிகளிடம் காணப்படாத அமைப்பு இது. மடக்கிய கைபோல் தலைக்கு அடியில் இருக்கும் இவ்வுதட்டின் நுனியில் கொக்கிகள் உண்டு. இரை அருகில் வந்ததும், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் கீழுதடு முன்னே பாயும், இரையைக் கவ்வும், மீண்டும் மடங்கி வாய்க்குக் கொண்டு சேர்க்கும். கொசுப்புழு, நீர்ப்பூச்சிகள், தலைப்பிரட்டை, சிறு மீன்குஞ்சு ஆகியவை இதற்கு உணவு. தன் இனத்தின் சிறிய பூச்சிகளையும் அது விட்டுவைப்பதில்லை.

இளம்பூச்சி சுவாசிக்கும் முறையும் விந்தையானது. மீனுக்குச் செவுள் தலைப்பகுதியில் இருக்கிறது. தட்டானின் இளம்பூச்சிக்கோ செவுள் உடலின் பின்புறத்தில், குடலின் கடைசி அறைக்குள் அமைந்துள்ளது. அது வயிற்றை விரித்து நீரை உள்ளே இழுக்கும். நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள் எடுத்துக்கொண்டதும் நீரை வெளியேற்றும். ஆபத்து நேர்ந்தால் இந்த நீரையே வேகமாகப் பீச்சியடித்து, அதன் எதிர்விசையால் முன்னோக்கிப் பாய்ந்து தப்பிக்கும். விண்வெளி ஊர்தி மேலெழுவதும் இதே விதியின்படிதான். ஊசித்தட்டானின் இளம்பூச்சிக்கு வால் நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் வெளியே தெரியும். ஆக, நீரில் நெளியும் இளம்பூச்சியின் வாலைப் பார்த்தே அது எப்பிரிவைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

இவ்விளம்பூச்சி வளர வளர அதன் கெட்டியான மேல்தோல் இறுக்கமாகும். அப்போது அது பழைய தோலை உரித்துவிட்டுப் புதிய தோலுடன் வெளிவரும். இவ்வாறு ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து முறை தோல் உரிக்கும். குளிர்நாடுகளில் சில இனங்கள் ஐந்தாண்டுகள் வரையிலும் நீரிலேயே வாழ்கின்றன. வெப்ப நாடுகளில் வளர்ச்சி விரைவு. பல இனங்கள் சில மாதங்களில் வளர்ந்துவிடும். மழைக் குட்டைகளில் வளரும் இனங்களுக்கும் குறைந்தது ஐந்து, ஆறு வாரங்கள் தேவை. இந்தக் கால அளவை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

சிறகு விரியும் இரவு

இளம்பூச்சியின் முதுகில் சிறகு உறைகள் பருத்ததும், அது இரை உண்பதை நிறுத்துகிறது. பெரும்பாலும் இருள் சூழ்ந்த பிறகு, நீரிலிருந்து மேலெழும் ஒரு கோரைத் தண்டையோ புல்லையோ பற்றி ஏறுகிறது. வாழ்நாளில் முதன்முறையாக நீரை விட்டு முழுவதுமாக வெளியேறும் நேரம் அது. கால்களால் தண்டை இறுகப் பற்றிக்கொண்டதும், முதுகுத் தோல் நீளவாக்கில் பிளக்கிறது. முதலில் தலையும் மார்பும் வெளிவருகின்றன. சிறிது நேரம் அப்படியே சாய்ந்து ஓய்வெடுத்துக் கால்கள் கெட்டிப்பட்டதும், மீதி உடலை இழுத்துக்கொள்கிறது.

அப்போது சிறகுகள் கசங்கிய துணிபோல் சுருண்டிருக்கும். உடல்நீர் சிறகு நரம்புகளுக்குள் பாய்ந்ததும் அவை மெல்ல விரிகின்றன. விரிந்த சிறகுகள் உலர்ந்து உறுதிபெறச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரம் தட்டானால் பறக்கவும் முடியாது. நீருக்குத் திரும்பவும் முடியாது. எறும்பு, பறவை, தவளை, பலத்த மழை ஆகிய எதுவும் அதன் முடிவாகலாம். விடியும்போது தப்பிப் பிழைத்தவை முதல் பறப்பைத் தொடங்குகின்றன. உரித்துவிட்ட வெற்றுத் தோல் மட்டும் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் குளக்கரையில் அத்தகைய தோல் கிடைத்தால், அக்குளத்தில் தட்டான் பிறந்து வளர்ந்தது என்பதற்கு அதுவே உறுதியான சான்று.

பற்றி ஏற ஒரு தண்டு இல்லையென்றால் இந்த மாற்றம் நிறைவேறுவது கடினம். செங்குத்தான, வழவழப்பான சிமெண்டுச் சுவர்களைக் கொண்ட கால்வாய்களில் தட்டான்கள் அரிதாகப் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானத்து வேட்டை

முதிர்ந்த தட்டான் பார்வையாலும் பறக்கும் திறனாலும் வாழ்கிறது. அதன் பெரிய கூட்டுக்கண் ஒவ்வொன்றிலும் 30,000 வரை சிறு கண்ணறைகள் இருக்கும். ஆகையால் முன், பின், மேல், கீழ் எனப் பெரும்பாலான திசைகளையும் அதனால் ஒரே நேரத்தில் காண முடியும். அதன் நான்கு சிறகுகளையும் தனித்தனியே இயக்கும் தசைகள் மார்பில் உள்ளன. எனவே, அது ஓரிடத்தில் நிலைத்து நிற்கும், சட்டென்று திரும்பும், பின்னோக்கியும் செல்லும்.

தட்டான் தன் இரையைப் பின்னாலிருந்து துரத்திக் களைப்பதில்லை. இரை அடுத்து எங்கே இருக்கும் என்று கணித்து, அந்த இடத்தை நோக்கிப் பறக்கிறது. பந்தைப் பிடிக்க ஓடும் ஆட்டக்காரர் பந்து விழப்போகும் இடத்திற்கு ஓடுவதைப்போன்றது இது. முட்கள் நிறைந்த ஆறு கால்களையும் கூடைபோல் குவித்து இரையை அள்ளுகிறது. ஆய்வுகளில் தட்டான்கள் பாய்ந்து பிடிக்க முயன்ற இரைகளில் 95 விழுக்காடு வரை அகப்பட்டன. ஆனால், இக்கால்கள் தரையில் நடப்பதற்கு ஏற்றவை அல்ல. தட்டானுக்குக் கொடுக்கும் இல்லை. வாலை வளைத்துக் கொட்ட வருவதுபோல் தோன்றினாலும் அது மனிதரைக் கொட்டாது. வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் விளையாட்டு அதற்குத் துன்பமே தருகிறது.

சில இனங்கள் நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன. மஞ்சள் நிறமுடைய பான்டாலா ஃபிளேவசென்ஸ் என்னும் தட்டான் மலேசியாவிலும் இந்தியாவிலும் காணப்படுவது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் இவை மாலத்தீவில் பெருங்கூட்டமாக வந்திறங்குவதைச் சார்ல்ஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர் பல்லாண்டு கவனித்தார். பருவக்காற்றின் துணையோடு இவை தென்னிந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்கின்றன என்று 2009ஆம் ஆண்டில் அவர் எழுதினார். சில செண்டிமீட்டரே நீளமுள்ள பூச்சி கடலைக் கடக்கிறது. கடந்து சென்று அது தேடுவதும் முட்டையிட மழைநீர்க் குட்டையைத்தான்.

நீரைத் தேடும் தாய்

ஆண் தட்டான் நீர்நிலையின் ஒரு பகுதியைத் தன் எல்லையாகக் கொண்டு காவல் காக்கும். பெண் தட்டான் வந்ததும் இரண்டும் இணைந்து இதய வடிவில் வளைந்து பறப்பதைக் காணலாம். பின்னர்ப் பெண் தட்டான் வால் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். சில இனங்கள் நீர்ச்செடிகளின் தண்டைக் கீறி அதற்குள் முட்டைகளைச் செருகும்.

நீர் எங்கே இருக்கிறது என்பதைத் தட்டான் ஒளியைக் கொண்டே அறிகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் தனித்தன்மையை அதன் கண் உணரும். இதில் ஓர் இடர் உண்டு. வெயிலில் நிற்கும் பளபளப்பான மகிழுந்தின் கூரையும் அதேபோல் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. நகரில் சில வேளைகளில் தட்டான் மகிழுந்தின் கூரையை வாலால் தட்டுவது இதனால்தான். அங்கு இடப்படும் முட்டை வெப்பத்தில் காய்ந்து வீணாகும். உண்மையான நீர்நிலைகள் குறையும் நகரத்தில் இத்தகைய ஏமாற்றங்கள் பெருகுகின்றன.

ஏழு நாளும் ஆறு வாரமும்

இப்போது தட்டானையும் ஏடிஸ் கொசுவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டை பொரித்ததிலிருந்து சிறகு முளைக்கும் வரை ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்களே நீரில் வாழும். தட்டானுக்கோ குறைந்தது ஐந்து, ஆறு வாரங்கள் வேண்டும். பூந்தொட்டியின் தட்டு, பழைய டயர், நெகிழிக் குவளை, கூரைத் தண்ணீர்க்குழாய் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீர் ஒரு கொசுத் தலைமுறையை வளர்த்துவிடும். ஆனால், ஒரு தட்டானை அதனால் வளர்க்க முடியாது. அது விரைவில் வற்றும். அதில் போதிய இரையும் இராது. பற்றி ஏறத் தண்டும் இராது.

ஏடிஸ் கொசு சிறிய கொள்கலன்களைத் தேர்ந்தெடுப்பதன் பயனும் இங்கே விளங்கும். அங்கே மீன் இல்லை; தட்டானின் இளம்பூச்சி இல்லை; பிற நீர்ப்பூச்சிகளும் இல்லை. பகைவர் இல்லாத இடத்தில் அதன் புழுக்கள் அச்சமின்றி வளர்கின்றன. செடிகளும் மீன்களும் தட்டான்களும் வாழும் ஒரு குளத்தில் அவ்வாய்ப்பு அரிது.

ஆகவே, வாரத்திற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சுற்றிலும் தேங்கிய நீரை அகற்ற வேண்டும் என்று சுகாதார அமைச்சு கூறும் அறிவுரை வெறும் முழக்கம் அன்று. அது கொசுவின் வாழ்நாள் கணக்கிலிருந்து பிறந்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை நீரை அகற்றினால் புழு கொசுவாகும் முன்பே சங்கிலி அறுந்துவிடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கொள்கலனின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வீட்டில் கொசு வளர இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

யங்கூன் நகரில் ஒரு சோதனை

தட்டானைக் கொண்டே கொசுவைக் கட்டுப்படுத்த இயலுமா? இக்கேள்விக்கு மியன்மார் நாட்டின் யங்கூன் நகரில் ஒரு விடை காணப்பட்டது. அந்நகர மக்கள் வீட்டுத் தேவைக்கான நீரைப் பெரிய கொள்கலன்களில் சேமித்து வந்தனர். அவற்றில் ஏடிஸ் கொசு பெருகியது. தட்டான் ஆய்வில் புகழ்பெற்ற பிலிப் கோர்பெட் இடம்பெற்ற ஆய்வுக் குழு, மழைக்காலத்தில் மக்களின் ஒத்துழைப்போடு அக்கொள்கலன்களில் தட்டானின் இளம்பூச்சிகளை மாதந்தோறும் விட்டது. சில வாரங்களில் கொசுப்புழுக்கள் வெகுவாகக் குறைந்தன. அதனைத் தொடர்ந்து பறக்கும் கொசுக்களும் குறைந்தன. அதன் முடிவுகள் 1990ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன.

அச்சோதனையில் பயன்பட்ட இனம் க்ரோக்கோதெமிஸ் செர்விலியா. ஆண் பூச்சி மிளகாய்ப் பழம்போல் சிவந்திருக்கும். பெண் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். தீபகற்ப மலேசியாவின் குளங்களிலும் வயல்களிலும் இதே இனம் வாழ்கிறது.

எனினும், இச்சோதனையைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தட்டான் வந்து கொசுவைத் தின்னட்டும் என்று பூந்தொட்டித் தட்டில் நீரை விட்டுவைப்பது அறிவுடைமை ஆகாது. யங்கூனில் இளம்பூச்சிகள் தாமாக வரவில்லை. மக்கள் மாதந்தோறும் கொண்டுவந்து விட்டனர். குழாய்நீர் கிடைக்கும் கோலாலம்பூரில் கொள்கலன் நீரை அகற்றுவதே எளிய வழி. குளத்து நீரைக் காப்பதும் கொள்கலன் நீரைக் கவிழ்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல; இரண்டும் ஒரே அறிவின் இரண்டு செயல்கள்.

கிள்ளான் கற்ற பாடம்

எந்தப் பூச்சிக்கு எந்த நீர் என்று அறிவதன் அருமையைக் கிள்ளான் பள்ளத்தாக்கு நூறாண்டுகளுக்கு முன்பே கற்றது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான திறவுகோலை 1897ஆம் ஆண்டில் ரொனால்ட் ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதன்பின் நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அப்போது கிள்ளானிலும், புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா மக்களை வாட்டியது. வாட்சனின் பரிந்துரைப்படி சதுப்பு நிலங்களின் நீர் வடிக்கப்பட்டது, புதர்கள் அகற்றப்பட்டன. நோய் வெகுவாகத் தணிந்தது.

ஆனால், அதே முறை மலைச்சரிவுத் தோட்டங்களில் பயன்தரவில்லை. தாழ்நிலத்தில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் கொசு நிழலான சதுப்பு நீரில் வளர்வது. மலைச்சரிவில் நோயைப் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளரும் வேறோர் அனோபிலிஸ் கொசு. காட்டை வெட்டி வெயிலை விட்டதும் அக்கொசுவுக்கே நன்மையாயிற்று. தோட்டங்களில் பணியாற்றிய தமிழ்த் தொழிலாளர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். பூச்சியின் இனத்தையும் அது விரும்பும் நீரையும் தனித்தனியே அறிந்து, நிலத்தடிக் குழாய் வழியே ஓடை நீரைக் கொண்டுசென்ற பிறகே அங்கு நிலைமை மேம்பட்டது. ஒரே தீர்வு எல்லா நீருக்கும் பொருந்தாது என்பதே கிள்ளான் தந்த பாடம்.

ஆற்றின் நலம் கூறும் பூச்சி

செந்தூல் பகுதியில் ஓடும் பத்து ஆறு கோம்பாக் ஆற்றோடு சேர்கிறது. தித்திவங்சா மலைத்தொடரின் சரிவில் தோன்றும் கோம்பாக் ஆறு, நகர் நடுவே ஜாமெக் பள்ளிவாசலுக்கு அருகில் கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. அதன் மேல்பகுதியான உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் 1965ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. கோம்பாக் ஆற்றின் நீரையும் அதில் வாழும் உயிர்களையும் விரிவாக ஆராய்ந்த ஜே. இ. பிஷப்பின் நூல் 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெப்பமண்டல ஆறுகளைப் பற்றிய முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று.

காட்டினூடே ஓடும் தெளிந்த ஓடைகளில் உலோகப் பச்சைநிறச் சிறகுடைய நியூரோபேசிஸ் சைனென்சிஸ் போன்ற ஊசித்தட்டான்களைக் காணலாம். அவற்றுக்கு வேகமாக ஓடும் குளிர்ந்த நீர் வேண்டும். நீரில் சேறு கலந்தாலோ நிழல்தரும் மரங்கள் வெட்டப்பட்டாலோ அவை மறைந்துவிடும். நகரை நெருங்கும்போது ஆற்றில் சோப்பு நீர், எண்ணெய், உணவுக் கழிவு, கட்டுமான இடங்களின் மண் ஆகியவை சேர்கின்றன. கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. செவுளால் சுவாசிக்கும் இளம்பூச்சிகள் மூச்சுத் திணறுகின்றன.

எனவே, தட்டான் பறந்தாலே நீர் தூய்மையானது என்று முடிவு செய்யலாமா? கூடாது. பிரேக்கித்தெமிஸ் கண்டாமினேட்டா என்னும் செம்மஞ்சள் நிறத் தட்டான் மாசுபட்ட குளங்களிலும் தாக்குப்பிடித்து வாழும். அதன் பெயரிலேயே மாசு என்னும் பொருள் அமைந்துள்ளது. தட்டான் உண்டா இல்லையா என்று பார்ப்பதைவிட, எத்தனை வகைத் தட்டான்கள் உள்ளன, எவை உள்ளன என்று பார்ப்பதே சரியான முறை. ஒரே ஓர் இனம் மட்டும் மிகுந்திருந்தால் அந்நீரில் ஏதோ குறை உள்ளது. பல இனங்கள் சேர்ந்து வாழ்ந்தால் அந்நீர் நலமாக உள்ளது.

கிள்ளான், கோம்பாக் ஆறுகளைத் தூய்மைப்படுத்த மேற்கொள்ளப்பட்ட ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டம், ஆற்றுநீரை உடல் நனையும் பொழுதுபோக்குக்கு ஏற்ற தரத்திற்கு உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. ஆற்றுநீரின் தரத்தை அளக்கக் கருவிகள் உண்டு. கருவி அந்நேரத்து நீரை அளக்கிறது. பல வாரங்கள் அந்நீரிலேயே மூழ்கி வாழ்ந்த இளம்பூச்சியோ அத்தனை நாள்களின் நிலைமையையும் தன் உயிரால் சொல்கிறது. இரவில் எவரோ கால்வாயில் ஊற்றிய எண்ணெய் மறுநாள் காலையில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். மடிந்த இளம்பூச்சிகள் திரும்பி வருவதில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியவை

தட்டானைக் காக்கப் பெரும்பொருள் தேவையில்லை. சமையல் எண்ணெயையும் சாயத்தையும் கால்வாயில் ஊற்றாதிருப்பது முதற்படி. பூங்காக் குளங்களின் ஓரத்தில் வளரும் கோரையையும் நீர்ச்செடிகளையும் குப்பை என்று எண்ணி முற்றாக அகற்ற வேண்டியதில்லை. அவையே தட்டான் சிறகு விரிக்கும் ஏணிகள். அதே வேளையில், அக்குளக்கரையில் கிடக்கும் நெகிழிக் குவளையையும் உணவுப் பொட்டலத்தையும் உடனே அகற்ற வேண்டும்; அவை கொசுவின் தொட்டில்கள்.

டிங்கி பரவும் வட்டாரங்களில் புகைமருந்து அடிப்பது இன்றியமையாதது. ஆனால், அப்புகை பறக்கும் கொசுவைக் கொல்லுமே தவிர, நீரிலுள்ள கொசுப்புழுவைக் கொல்லாது. தட்டான் போன்ற நன்மைதரும் பூச்சிகளும் அதில் சிக்கக்கூடும். புகைமருந்துக்குத் தேவையே ஏற்படாதவாறு வாரந்தோறும் கொள்கலன்களைக் கவனிப்பது மக்களுக்கும் நல்லது, தட்டானுக்கும் நல்லது.

பள்ளி அறிவியல் கழகங்கள் அருகிலுள்ள ஏரியிலோ குளத்திலோ ஆசிரியர் துணையுடன் மாதம் ஒருமுறை தட்டான்களைக் கணக்கெடுக்கலாம். வெயில் நன்கு காயும் காலை வேளை அதற்கு ஏற்றது. நிறம், சிறகின் வடிவம், அமரும் விதம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும், பிடிக்கத் தேவையில்லை. ஓராண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டால் அந்நீர்நிலை மேம்படுகிறதா, சீர்கெடுகிறதா என்பது புலப்படும்.

நீர் தேங்கினால் ஆபத்து என்பது பாதி உண்மை. நீர் உயிரற்றுத் தேங்கினால் ஆபத்து என்பதே முழு உண்மை. எந்த நீரைக் கவிழ்ப்பது, எந்த நீரைக் காப்பது என்று அறிந்த மக்கள் வாழும் ஊரில் கொசு குறையும், தட்டான் பெருகும்.

சிந்தித்து விடையளி

1. தட்டானின் உருமாற்றம் முழுமையற்ற உருமாற்றம் எனப்படுவது ஏன்?
2. தட்டானின் இளம்பூச்சி இரையைப் பிடிக்கும் முறையையும் சுவாசிக்கும் முறையையும் விளக்குக.
3. வாரத்திற்கு ஒருமுறை தேங்கிய நீரை அகற்ற வேண்டும் என்னும் அறிவுரைக்கும் ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பு யாது?
4. கிள்ளானில் வெற்றிபெற்ற மலேரியாத் தடுப்பு முறை மலைச்சரிவுத் தோட்டங்களில் ஏன் பயன்தரவில்லை?
5. “ஒரு குளத்தில் தட்டான் பறந்தால் அக்குளம் தூய்மையானது.” இக்கூற்றை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் எழுதுக.
6. உன் குடியிருப்புப் பகுதியில் கவிழ்க்க வேண்டிய நீரையும் காக்க வேண்டிய நீரையும் பட்டியலிட்டு, நண்பர்களுடன் கலந்துரையாடுக.